உப்பு காய்ந்த பின், கானல் ஏறும் முன்

ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் ஒரு கிலோமீட்டரை இருபத்து மூன்று புள்ளி மூன்று வினாடியில் கடந்தாள். அந்த எண்ணைப் பார்த்த ஒரே ஆள் நான். ஸ்டாப்வாட்சில் அதைப் படித்தேன், உடனே கட்டைவிரலால் அழித்தேன், நேரம் எடுக்க முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவரை எங்கள் கூட்டத்தில் யாரும் அந்த நேரத்தைத் தொட்டதில்லை. அதற்கு முந்தைய சாதனை இருபத்து நான்கு புள்ளி இரண்டு. அது என்னுடையது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. இப்போது எழுபத்திரண்டு. சின்ன வயதின் புத்தி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவன். கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சர்வேயராக முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். நிலக்கரிக் கப்பல் வந்து நின்றதும் சின்னப் படகில் அதைச் சுற்றிப் போவேன். முன்பக்கம், பின்பக்கம், நடு மூன்றிலும் எழுதியிருக்கும் ஆழக் குறிகளைப் படிப்பேன். தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்துக்கு நடுவில் உண்மையான மட்டம் எது என்று கண் பிடிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஐம்பது டன் நிலக்கரி காணாமல் போய்விடும். சரக்கு வாங்குகிறவரும் கப்பல் கேப்டனும் எதிரெதிர்க் கட்சி. இருந்தாலும் நான் சொல்லும் எண்ணுக்கு இரண்டு பேருமே கையெழுத்துப் போடுவார்கள். ஒரு கப்பலிலும் நான் பொய் சொன்னதில்லை. ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்ததற்கும் அதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேகமாக வண்டி ஓட்டுவோம். எல்லோரும் துறைமுகத்தைச் சுற்றி வேலை பார்த்தவர்கள். படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஓர் அண்ணாச்சிதான் எங்கள் வண்டிகளுக்கும் வைத்தியர். பெரும்பாலும் ஒரே மாதிரி வண்டிகள்: முந்நூற்றைம்பது சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். கம்பெனி கொடுத்த வேகம் அண்ணாச்சிக்குப் போதாது. சிலிண்டரைக் கழற்றி உள்ளே அரத்தால் ராவி ராவி அதை வேறு வண்டியாக்கிவிடுவார்.

ஓட்டுவதற்கு ஒரு சாலை கிடைத்திருந்தது. உப்பளங்களுக்கு நடுவே, உப்பு லாரிகளுக்காகப் போட்ட தனியார் தார்ச் சாலை. இரண்டு கிலோமீட்டர், ஒரு வளைவு கிடையாது. ஞாயிறு லாரி வராது. உப்பள முதலாளி அண்ணாச்சிக்கு வேண்டியவர் என்பதால் கேட் சாவியைக் கொடுத்துவிடுவார். நடுவில் ஒரு கிலோமீட்டரை நாடா பிடித்து அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.

அந்தச் சாலைக்கு ஒரு குணம் உண்டு. சனிக்கிழமை போகும் லாரிகளிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். விடியற்காலைப் பனியில் அது ஊறிக் கறுப்பாக வழவழவென்று கிடக்கும். அதன்மேல் டயர் பட்டால் சோப்பில் கால் வைத்த மாதிரி. ஒன்பதரை மணி வெயிலுக்குத்தான் உப்பு காய்ந்து சாலை வெளுக்கும். வெளுத்துவிட்டால் டயர் கவ்விப் பிடிக்கும். ஆனால் பத்தரைக்குக் கானல் கிளம்பிவிடும். பாத்திகளில் நிற்கும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து சாலையே நெளியும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆள் இடுப்புக்குக் கீழே கரைந்துபோவார். தொடக்கக் கோட்டில் அண்ணாச்சி நின்று, வண்டி கோட்டைத் தாண்டும் கணத்தில் தூக்கிப் பிடித்த சிவப்புத் துணியை இறக்குவார். மறு முனையில் நான் பைனாகுலரில் அதைப் பார்த்து வாட்சை அமுக்குவேன். கானலில் துணி தெரியாது. அதனால் ஒரு விதி வைத்தோம்: உப்பு காய்ந்த பின், கானல் ஏறும் முன். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் ஞாயிறு. விதியை எழுதியவன் நான்.

என்னுடைய இருபத்து நான்கு புள்ளி இரண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் நான் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்பது புரியும்.

நூறு வரைக்கும் அது வண்டி ஓட்டுவதுதான். நூற்றிருபதில் காற்று கையைப் போடும். ஹெல்மெட்டைப் பின்பக்கமாகப் பிடித்து இழுக்கும், தோளைத் திருகும். அப்போது குனிந்து, மோவாயைப் பெட்ரோல் டேங்க்கில் அழுத்தி, முழங்கையை உள்ளே ஒடுக்கிக்கொள்ள வேண்டும். நூற்று முப்பதில் இரண்டு பக்கமும் தனித்தனியாக நின்ற உப்புக் குவியல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளைச் சுவராகிவிடும். சாலையில் சிதறிக் கிடக்கும் கல்லுப்பு முன்சக்கரத்தில் தெறித்து முழங்காலுக்குக் கீழே ஊசியாகக் குத்தும். நாக்கில் கரிக்கும். நூற்று நாற்பதைத் தாண்டியதும் ஹாண்டில்பார் கனமே இல்லாமல் ஆகும். பிடித்து அடக்கப் பார்த்தால் வண்டி ஆடும். விரல்களைத் தளர்த்தி, அது போகட்டும் என்று விட்டால் நேராகப் போகும். நான் எவ்வளவோ படித்தவன். இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வேகம் மட்டும்தான்.

அதற்கு மேலே பயம் கிடையாது. பயப்பட நேரம் இருக்காது என்பார்கள். அப்படியில்லை, நேரம் ஏராளமாக இருக்கும். ஒரு வினாடி ஒரு மத்தியானம் போல நீளும். ஒரு பாத்தியில் நின்ற பூநாரைகள் கழுத்தைத் தூக்கியதைப் பார்த்தேன். எத்தனை என்று எண்ணவும் செய்தேன், பதினொன்று. கோட்டைத் தாண்டி, வேகத்தைக் குறைத்துத் திரும்பி வந்தபோது, அன்று வாட்ச் பிடித்த கிரேன் ஆபரேட்டர் நடுச்சாலையில் ஆடிக்கொண்டிருந்தார். "சார்வாள்! இருபத்தி நாலு புள்ளி ரெண்டு!" மணிக்கு நூற்று நாற்பத்தொன்பது கிலோமீட்டர். அந்த வாரம் முழுவதும் கப்பல் ஏணிகளில் நான் பறந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் யாரும் அதை நெருங்கவில்லை.

மூன்றாம் வருஷம் அவள் வந்தாள்.

கண்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். எந்தப் பெட்டி எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளும் வேலை. இருபத்து நான்கு வயது. கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா துறைமுக இழுவைப்படகில் இருந்தார். அண்ணன் கப்பலுக்குப் போகும்போது தன் வண்டியை வீட்டில் விட்டு, வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி வை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இவள் ஸ்டார்ட் பண்ணினாள். பிறகு தெருமுனை வரை ஓட்டினாள். பிறகு அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "அண்ணாச்சி, இது நூத்திப் பத்துல திக்குது, என்னன்னு பாருங்க" என்றாள்.

அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "ஏளா, நூத்திப் பத்துல நீ என்னத்துக்குப் போன?"

"நூத்தி இருவது போறதுக்குத்தான்."

அடுத்த ஞாயிறே அவள் உப்பளச் சாலைக்கு வந்துவிட்டாள். கோயிலில் பூசை முடிந்த பிறகுதான் வருவாள், அதனால் வரிசையில் எப்போதும் கடைசி. ஒரு மாதத்தில் இருபத்தாறு வினாடியில் வந்தாள். இரண்டாம் மாதம் இருபத்தைந்துக்குக் கீழே. நான் அவளைப் பாராட்டினேன், ஆனால் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மாசி மாதம் சென்னைக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் ஒரு போட்டி. எங்களைப் போன்ற ஊர்க் கூட்டங்களிலிருந்து ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருந்தது. பெயரைத் திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும். ஞாயிறு யார் நேரம் குறைவோ அவர் போவது என்று முடிவாயிற்று. முதலில் நான் ஓட்டினேன். இருபத்து நான்கு புள்ளி நான்கு. மற்றவர்கள் என் பக்கத்திலேயே வரவில்லை. நான் வாட்சை வாங்கிக்கொண்டு மறு முனைக்குப் போனேன். அவள் பூசை முடிந்து வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால்.

பைனாகுலரில் பார்த்தேன். கானல் இல்லை. அண்ணாச்சி செருப்பு வரைக்கும் தெரிந்தார். அவர் துணியைத் தூக்கினார். அவள் அதற்கு அரைக் கிலோமீட்டர் பின்னாலிருந்து கிளம்பி வந்தாள். சத்தம்தான் முதலில் வந்தது, உச்சத்தில் ஒரே ஸ்வரமாக, நடுக்கமில்லாமல். துணி பளிச்சென்று விழுந்தது. அமுக்கினேன்.

பல பேரை அந்தச் சாலையில் பார்த்திருக்கிறேன். நல்ல வேகத்தில் வருகிறவனிடம்கூட ஏதோ ஒன்று போராடும், தோளோ முழங்காலோ. அவளிடம் எதுவும் போராடவில்லை. வண்டி மேல் அவள் தெரியவே இல்லை, வண்டிக்கு ஒரு முதுகு மட்டும் முளைத்த மாதிரி இருந்தது. என்னைக் கடந்தபோது அந்தக் காற்று என் சட்டையைப் பிடித்து ஒரு எட்டு இழுத்தது. அமுக்கினேன். குனிந்து பார்த்தேன். 23.3.

அடுத்து நடந்தது ஒரு கட்டைவிரலின் வேலை. நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். யோசித்தேன். அவள் வேகத்தைக் குறைத்து, திரும்பி, என்னிடம் வர முழு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தின் கடைசியில்தான் அழித்தேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு சார்?"

"கானல் ஏறிட்டும்மா. துணி சரியாத் தெரியல. பாதித் துணிதான் தெரிஞ்சுது. நேரம் எடுக்க முடியல."

"பாதித் துணியா?" சிரிப்பு இன்னும் போகவில்லை. "சார், இது வேற மாதிரி இருந்துது. ஒரு நாளும் இப்பிடி இருந்ததில்ல. வாட்சக் காட்டுங்களேன்."

காட்டினேன். எல்லாம் பூஜ்யம். அவள் அந்தப் பூஜ்யங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி சார்" என்றாள்.

தொடக்க முனைக்கு வந்து எல்லோரிடமும் அதையே சொன்னேன். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன வே பாதித் துணி? பனை மரம் மாதிரி நின்னுல்லா எறக்குனேன்!"

"அண்ணாச்சி, ஒம்ம வேட்டி அவுந்தா எடுத்துக் கட்டவே ரெண்டு ஆள் வேணும்" என்றார் கிரேன் ஆபரேட்டர். "நீரு துணிய எங்க நேரா எறக்கப் போறீரு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் உண்மையாகவே கானல் ஏறிவிட்டது. விதிப்படி அன்றைக்கு அவ்வளவுதான்.

அவள் பெண் என்பதால் இதைச் செய்யவில்லை, என்னைவிட வேகமானவள் என்பதால்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு வேறொன்றை யோசித்துப் பார்த்தேன். கிரேன் ஆபரேட்டர் அதே நேரத்தில் வந்திருந்தால் அழித்திருப்பேனா? மாட்டேன். திட்டிக்கொண்டே எண்ணைச் சொல்லியிருப்பேன்.

போட்டிக்கு நான் போனேன். பதினாறு பேரில் பதின்மூன்றாவதாக வந்தேன். வளைவு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோடையில் அவள் அண்ணன் விடுமுறையில் வந்து வண்டியை விற்றுவிட்டான். அவள் வருவது நின்றது. கல்யாணம், பிள்ளைகள். யார்டிலேயே மேலே மேலே போய் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனாள். ஆரஞ்சு நிறச் சட்டையும் வாக்கிடாக்கியுமாக அவளைத் தூரத்தில் பார்த்தால் நான் வேறு வழியாகச் சுற்றிப் போவேன். எங்கள் ஞாயிறுகளும் நாளடைவில் கலைந்தன. கலையாமல் நின்றது ஒன்றுதான். ஊரெல்லாம் அண்ணாச்சியைப் 'பாதித்துணி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

போன வருஷம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ரெண்டாம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. என் பழைய வண்டியில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கொக்கியில் மீன் பை தொங்கியது. ஓட்டி வந்தவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"சார்! இன்னும் இந்த வண்டிய வச்சிருக்கியளா?"

அவள்தான். நாற்பத்தொன்பது வயது, காதோரம் நரை. "இருக்கும்மா" என்றேன்.

"இருபத்தி நாலு புள்ளி ரெண்டு." அவள் என் வண்டியின் டேங்க்கைப் பார்த்துச் சிரித்தாள். "அத யாராவது ஒடச்சாங்களா சார்?"

ரயில் வந்துவிட்டது. நீளமான சரக்கு ரயில். அது போகும் வரை பேச முடியாது. கடைசிப் பெட்டி தாண்டியதும் சொன்னேன்.

"ஒடச்சாச்சும்மா."

"யாரு?"

"நீதான்."

கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஓர் ஆட்டோக்காரர், "ஏ தாத்தா, பேச்ச வீட்ல வச்சுக்கிடும்!" என்று கத்திவிட்டுப் போனார். அவள் நகரவில்லை. வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு, ஒரு செருப்புக்கடை வாசலில் நின்றுகொண்டு முழுவதையும் சொன்னேன். கானல் இல்லாததை, வாட்சில் இருந்ததை, ஒரு நிமிஷம் யோசித்ததை.

"எவ்வளவுன்னு சொல்லுங்க சார்."

"இருபத்து மூணு புள்ளி மூணு."

அவள் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். அவள் சொன்னது வேறு. "எனக்கு அன்னைக்கே ஒடம்புல தெரிஞ்சுது சார். கண்டிப்பா தெரிஞ்சுது. நீங்க இல்லன்னதும், சரி, எனக்குத் தெரிஞ்சதுதான் தப்பு போலன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எதுலயுமே எனக்குத் தோணுனத நான் நம்புனதில்ல." சாவியைத் திருகினாள். "மீன் கெட்டுப் போவும். வாரேன்."

நான் அவளிடமிருந்து ஒரு பயணத்தைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தச் செருப்புக்கடை வாசலில்தான் உண்மையான அளவு தெரிந்தது.

அங்கிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அண்ணாச்சிக்கு எழுபத்தாறு. இப்போதும் எஞ்சினுக்குள்தான் தலை. நான் சொல்லி முடிக்கும் வரை தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"இருவத்தஞ்சு வருசம் வே! என் மவ கல்யாணத்துல மாப்ள வீட்டுக்காரன் கேக்கான், 'பாதித்துணி வீட்டுக் கல்யாணம் இதானா'ன்னு. எனக்கே சந்தேகம் வந்துட்டு ஓய், கை நேரா எறங்கலியோன்னு. கண்ணாடி முன்னால நின்னு எறக்கிப் பாத்துருக்கேன் வே!" என் கையைப் பிடித்து எழுப்பினார். "வாரும் வெளிய."

தெருமுனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "சொல்லும்" என்றார். சொன்னேன். துணி முழுசாக விழுந்தது, நேராக விழுந்தது, கானல் இல்லை, நான் பொய் சொன்னேன். டீ போடுகிறவர் வடிகட்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் சத்தமா" என்றார் அண்ணாச்சி. சத்தமாகச் சொன்னேன். மறுநாள் வரச் சொன்னார், சில முக்கியமான ஆட்கள் அன்று இல்லையாம். மறுநாளும் போய்ச் சொன்னேன். மூன்றாம் நாள் அவரே, "போதும் வே, பாவமா இருக்கு" என்றார்.

ஒர்க்‌ஷாப்பில் எங்கள் பழைய நோட்டு இருந்தது. என் எண்ணுக்கு மேலே அவளுடையதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. என் வண்டியை உனக்கே தந்துவிடுகிறேன் என்று எழுதினேன். அதற்கும் இல்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"நோட்டுல எழுதுறது உங்க மனசுக்கு, சார். அந்த வண்டிய நான் வச்சு என்ன செய்ய, துணி காயப்போடவா? எனக்கு வேண்டியத நான் சொல்லுதேன், கேளுங்க. நீங்க போனீங்களே அந்தத் தடம், அங்க நான் ஓட்டணும். நீங்களும் ஓட்டணும். ஒரே வண்டி, ஒரே நாள். அன்னைக்கு நடக்க வேண்டியது நடக்கட்டும்."

"எனக்கு எழுபத்தொண்ணும்மா."

"எனக்கு அம்பது வரப்போவுது. நான் என்ன உங்ககிட்ட வயசா கேட்டேன்?"

வண்டியை அவளே வாங்கினாள். அறுநூற்றைம்பது சிசி, இரட்டைச் சிலிண்டர். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "உங்க வண்டில ஜெயிச்சா அது உங்க ஜெயமாப் போயிரும்" என்றாள். ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் ஏரல் வரை, திருச்செந்தூர் வரை மாறி மாறி ஓட்டிப் பழகினோம், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில்தான். முதல் நாள் அவள் கை இறுகியிருந்தது. ஒரு டர்னிங்கில் வண்டியைக் கீழே போட்டாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "பிள்ளைங்ககிட்ட சொல்லிராதீங்க" என்றாள். நான் டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டி, கண்ணைக் காட்டி, ஓட்டலாம் என்று தாள் வாங்கினேன். அந்தத் தடத்தில் இப்போது யார் வேண்டுமானாலும் பதிந்துகொண்டு ஓட்டும் நாட்கள் உண்டு. முதல் நாள் அங்கேயே பயிற்சி. இரண்டாம் நாள் ஓட்டம். வண்டியை மினி லாரியில் ஏற்றியதும், டிரைவருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி ஏறி உட்கார்ந்துகொண்டார். யாரும் கூப்பிடவில்லை.

அங்கே துணி கிடையாது, வாட்ச் கிடையாது. வண்டியில் வேகம் அளக்கும் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் சில்லைக் கட்டிவிடுகிறார்கள், நேர்ச்சாலையின் உச்ச வேகத்தை அதுவே எழுதிவிடுகிறது. மனிதன் கை வைக்க இடமில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் நான். தோல் உடுப்புக்குள் என்னை நுழைப்பதற்கே அண்ணாச்சி மூச்சு வாங்கினார். மூன்று சுற்று மெதுவாகப் போனேன். நான்காவதில் கடைசி வளைவிலிருந்து வெளியே வந்ததும் திருகினேன். இந்தக் காலத்து வண்டி கத்துவதில்லை, அமைதியாகத் தூக்கிக்கொண்டு போகிறது. நூற்றிருபதில் காற்று வந்து தோளைத் தொட்டது. குனிந்தேன், இடுப்பு முனகியது. நூற்று நாற்பது. விரல்களைத் தளர்த்தினேன், வண்டி நேராகிவிட்டது. என் உடம்பில் மறந்துபோகாமல் அது மட்டும் இருந்திருக்கிறது. பக்கச் சுவர் ஒரே கோடாயிற்று. கத்தினேன், ஹெல்மெட்டுக்குள் என் குரலே எனக்குத் தெரியவில்லை. வளைவு வருகிறது என்று பிரேக்கைப் பிடித்தேன், கொஞ்சம் சீக்கிரமாகவே. நூற்று ஐம்பத்தெட்டு. உப்பளச் சாலையில் நான் தொட்டதைவிட ஒன்பது அதிகம். அதுவும் எழுபத்தொரு வயதில். வண்டியை நிறுத்திக் கீழே இறங்கினேன். அண்ணாச்சி என் ஹெல்மெட்டைத் தட்டினார். "பரவால்ல வே கெழவா."

பிறகு அவள். சுவரோரம் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. தோளில் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருந்தது. ஐந்தாம் சுற்றில் கடைசி வளைவிலிருந்து அவள் வெளியே வந்தபோது அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்தார். தோள் கரைந்துவிட்டது. வண்டிக்கு முதுகு முளைத்துவிட்டது. எங்களைக் கடந்த சத்தத்தில் ஒரு நடுக்கம் இல்லை. நான் பிரேக் பிடித்த இடத்தைத் தாண்டி, இன்னும் தாண்டி, இனி முடியாது என்று நான் கண்ணை மூடப்போன இடத்தில் பிடித்தாள். வளைவில் வண்டி சரிந்து, நிமிர்ந்து, போய்விட்டது.

"சரிதான்" என்றார் அண்ணாச்சி.

திரையில் எண் வந்தது: நூற்று எழுபத்து நான்கு. பக்கத்தில் நின்ற சென்னைப் பையன்கள், பெரிய வண்டிக்காரர்கள், யார் அது என்று கேட்டார்கள். அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க ஊரு. துறைமுகத்துல சூப்பர்வைசர்" என்றார்.

அவள் வந்து நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் தூக்கினாள். "நூத்தி எழுவதுக்கு மேல இருக்கும்" என்றாள், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"எழுபத்து நாலு" என்றேன்.

"தெரியும் சார்." கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடியும் போய்விட்டாள். அன்று மாலை தடத்தை மூடுகிறோம் என்று ஆள் வந்து சொல்லும் வரை அவளை இறக்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். அண்ணாச்சி கை கழுவப் போன நேரத்தில் அவளிடம் கேட்டேன். "என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். "அத இன்னும் நெனச்சுப் பாக்கல சார். அந்தக் கடைசி வளைவுல நான் உள்ள போறது சரியில்ல, வெளிய இருந்து வந்தா இன்னும் அஞ்சு கெடைக்கும். அடுத்த தேதி எப்பம்னு கேட்டு வைங்க."

கேட்டு வைத்தேன். இதுவரை நான்கு தடவை போய்வந்துவிட்டோம். நான் இப்போது ஓட்டுவதில்லை. பதிவு செய்வதும், பெட்ரோல் கேன் தூக்குவதும், டயரில் காற்றுப் பார்ப்பதும் என் வேலை. யார்டிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அவளோடு வர ஆரம்பித்திருக்கிறார்கள். என் கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. போன தடவை நூற்று எண்பத்தொன்று.